உழவர் சந்தைக்குப் போகும் முன்: முந்தின நாள் சாயங்காலம் செய்ய வேண்டியவை

கேள்வி: சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். வீட்டில் நான்கு பேர். இதுவரை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கித்தான் பழக்கம். போன வாரம் உழவர் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான காய்கறி வாங்கினோம். மூன்றே நாளில் பாதி அழுகிவிட்டது. வாரம் ஒருமுறை போவதென்றால் என்ன தயாரிப்போடு போக வேண்டும்? எதை, எவ்வளவு, எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்:

அழுகியதற்குக் காய் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சந்தைக்கு வரும் காய் முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியலிலோ பறித்தது. பனி ஈரமும், வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீரும் அதன் மேலேயே இருக்கும். அதை ஒரே பையில் திணித்து, தக்காளி மேல் பூசணி உட்கார, அப்படியே ஃபிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கியதே பெரிது. கடையில் வாங்கும் காய் உலர்த்தி, தரம் பிரித்து வருகிறது. சந்தைக் காய்க்கு அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கலாம். இரண்டு நாள் தாங்குவது, நான்கு நாள் தாங்குவது, பத்து நாள் தாங்குவது என்று பிரித்து வாங்காமல், கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் வாங்கியிருப்பீர்கள்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு சீட்டு எழுதுங்கள். அதில் காயின் பெயர் வேண்டாம், சமையலின் பெயரை எழுதுங்கள். சாம்பார் மூன்று, பொரியல் நான்கு, கூட்டு இரண்டு, காரக்குழம்பு ஒன்று, கீரை இரண்டு, இவ்வளவு போதும். 'பீன்ஸ் அரைக்கிலோ' என்று எழுதிக்கொண்டு போனால், அன்று பீன்ஸ் வாடியிருந்தாலும் சீட்டுக்காக வாங்கி வருவீர்கள். 'பொரியல்' என்று எழுதியிருந்தால் கொத்தவரை நன்றாக இருந்தால் கொத்தவரை, இல்லையென்றால் அவரை, அதுவும் முற்றலாக இருந்தால் புடலை. சந்தையில் என்ன இறங்கியிருக்கிறது என்பது போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்கு இடம் விடும் சீட்டுதான் சந்தைக்குச் சரி.

அளவு: நான்கு பேருக்கு ஒரு பொரியலுக்கு 400 முதல் 500 கிராம், கூட்டுக்கு 300 முதல் 350 கிராம், சாம்பாரில் போடும் தானுக்கு (காய்த்துண்டுகளுக்கு) 200 முதல் 250 கிராம், காரக்குழம்புக்குக் கால் கிலோ. கீரை மசியலுக்கு நடுத்தரக் கட்டு இரண்டு. மேலே சொன்ன சீட்டைக் கூட்டினால் கீரை தவிர ஏறக்குறைய மூன்றரைக் கிலோ காய் வரும். அதோடு பெரிய வெங்காயம் ஒரு கிலோ, சின்ன வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி ஒன்றரைக் கிலோ, பச்சை மிளகாய் 150 கிராம், இஞ்சி 100 கிராம், மல்லி ஒரு கட்டு. எல்லாம் சேர்த்து ஏழு கிலோவுக்குள்தான். ஒரு வாரத்துக்கென்று பன்னிரண்டு கிலோ வாங்கினால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும். கழிவையும் கணக்கில் வையுங்கள். முருங்கைக்கீரைக் கட்டில் பாதி காம்பு. வாழைப்பூவில் மடலும் கள்ளனும் (பூவுக்குள் இருக்கும் வேகாத நரம்பு) போக உள்ளே கிடைப்பது கொஞ்சம்தான்; நான்கு பேர் பொரியலுக்குப் பெரிய பூ ஒன்று, சிறியதென்றால் இரண்டு வேண்டும்.

வாரம் ஒருமுறை என்பதை முடிந்தால் இரண்டாக்குங்கள். ஞாயிறு நாலரைக் கிலோ, புதன் அல்லது வியாழன் இரண்டரைக் கிலோ. கீரை சாப்பிடும் வீட்டுக்கு வாரம் ஒரு நடை எப்போதும் போதாது. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் இரண்டாவது நடைக்குச் செலவும் பெரிதாக இல்லை.

சீட்டு எழுதும்போது தினசரி காலண்டரையும் ஒருமுறை பாருங்கள். டெல்டாவில் இது முக்கியம். அமாவாசைக்கு முந்தின நாளும் அன்றும் வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேனை எல்லாம் ஏறும். திதி, தர்ப்பணச் சமையலில் நாட்டுக்காய் மட்டும்தான் சேர்ப்பார்கள், இங்கிலீஷ் காய் சேராது. அகத்திக்கீரை அன்று மாட்டுக்குக் கொடுக்கவே கட்டுக்கட்டாகப் போய்விடும். வளர்பிறை முகூர்த்த நாள் நெருங்கினால் வாழையிலை, தேங்காய், வெற்றிலை, பூ விலை தாறுமாறாக இருக்கும். அந்த நாட்களில் சீட்டிலுள்ள இடங்களைக் கேரட், பீட்ரூட், கோஸ் கொண்டு நிரப்பிவிட்டு, நாட்டுக்காயை இரண்டு நாள் கழித்து வாங்குங்கள். புரட்டாசி முழுக்கப் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமைக்கு முந்தின நாள் கூட்டம் அதிகம்.

எடுத்துப் போக வேண்டியவை. துணிப்பை நான்கு; ஒன்று அடிப்பாகம் கெட்டியானது, பூசணி, தேங்காய், கிழங்கு, சுரைக்கு. ஒன்று உலர்ந்தது, வெங்காயம் உருளைக்கு மட்டும். ஒன்று பொதுவான காய்களுக்கு. நான்காவது சின்னது, மிளகாய், இஞ்சி, எலுமிச்சைக்கு. தக்காளிக்குப் பை வேண்டாம். பழைய ஒயர் கூடையோ அகலமான எவர்சில்வர் தூக்கோ கொண்டு போங்கள். கீரைக்கு ஒரு பழைய பருத்தித் துண்டு, நனைத்துப் பிழிந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சட்டம் இருக்கட்டும், ஈரக் கீரைக்குப் பிளாஸ்டிக் உறையைப் போல எமன் வேறில்லை. உள்ளே வேர்த்து, வீடு வருவதற்குள் நடுக்கட்டு சூடாகிவிடும்.

பணம் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகவும் சில்லறைக் காசாகவும் இருக்கட்டும். விடியலில் கடை விரித்த ஒருவரிடம் கால் கிலோ மிளகாய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? கூகுள் பே அட்டை பல இடங்களில் தொங்குகிறது. ஆனால் ஸ்கேன் செய்து, சிக்னல் வந்து, அவர் போனில் சத்தம் கேட்கும் வரை பின்னால் நாலு பேர் நிற்பார்கள். சின்னத் தொகைக்குக் காசுதான் சௌகரியம்.

நேரம்: கீரையும் வாழைப்பூவும் வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் உள்ளே இருங்கள். வெயில் ஏறியபின் கீரைக்கு மதிப்பு இல்லை. மற்ற காய் மட்டும் என்றால் எட்டு, எட்டரைக்குப் போனாலும் கிடைக்கும். பத்தரைக்கு மேல் மீந்ததைக் கூறு கட்டி வைப்பார்கள். வத்தல் போட, ஊறுகாய் போட, அன்றே சமைத்துவிட அந்தக் கூறு நல்ல வாங்கல். ஒரு வாரம் வைத்துக்கொள்ள அது ஆகாது.

சந்தையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே கொடுக்கும், விலை அன்றன்று நிர்ணயித்துப் பலகையில் எழுதப்படும். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக வைப்பது அதன் கணக்கு. ஆகவே நுழைந்ததும் முதல் வேலை விலைப் பலகையைப் போனில் ஒரு படம் எடுப்பது. இரண்டாவது, சந்தை வாசலை ஒட்டிச் சாலையோரம் விரித்திருக்கும் கடைகள் சந்தையைச் சேர்ந்தவை அல்ல. பலகை விலை அவர்களைக் கட்டுப்படுத்தாது. தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலைச் சந்தை என்றாலும், திருச்சி தென்னூர் அண்ணா நகர்ச் சந்தை என்றாலும் இதே கதைதான். அங்கே வாங்கக் கூடாது என்றில்லை. எங்கே வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

உள்ளேயும் கண்ணை ஓட்டுங்கள். ஒரு கடையில் கத்தரி, வெண்டை, நாலு சுரைக்காய், கொஞ்சம் மிளகாய் மட்டும், அளவு ஒன்றுபோல் இல்லாமல் இருந்தால் அது விளைவித்தவர் கடை. பதினைந்து வகைக் காய், எல்லாம் ஒரே அளவு, கூடவே கேரட்டும் காலிஃபிளவரும் என்றால் அது ஒரு கொல்லையில் விளைந்திருக்க முடியாது. தஞ்சை மண் நெல்லுக்கு ஆன மண். காய்கறி விளைவது கொள்ளிடம், காவிரிப் படுகைகளிலும் மேட்டுக் கொல்லைகளிலும்தான். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை, வெற்றிலை, படுகைக்காய். வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணில் கடலை, பயறு, பலா. கிழங்கிலோ கீரை வேரிலோ ஒட்டிய மண் சிவப்பா, கருவண்டலா என்று பார்த்தாலே எந்தத் திசைச் சரக்கு என்று ஓரளவு தெரிந்துவிடும். தக்காளியும் மலைக்காயும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவை. அவற்றுக்காகச் சந்தையில் மெனக்கெட வேண்டாம், எங்கே வாங்கினாலும் ஒன்றுதான்.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "எந்த ஊருங்க அக்கா? எப்பப் பறிச்சது?" விளைவித்தவர் தயங்காமல் ஊரும் நேரமும் சொல்வார். பலகை விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். கறிவேப்பிலை ஒரு கொத்தோ, ரெண்டு மிளகாயோ கொசுறு கேட்கலாம், அதில் யாருக்கும் சங்கடமில்லை.

எடை: தராசில் பொருள் வைக்கும் முன் திரையில் சுழியம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டுக்கு மேல் கூடையையோ முறத்தையோ வைத்து நிறுத்தால், வெறும் கூடையோடு சுழியம் காட்டிய பிறகுதான் காய் போட வேண்டும். சந்தேகமென்றால் சீல் பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஒரு கிலோ, பாட்டில் இருபது முப்பது கிராம். அதைவிட அதிகமாகக் காட்டினால் தராசு தப்பு. சந்தைக்குள்ளேயே நிர்வாக அலுவலகம் இருக்கும், எடைக் குறைவை அங்கே சொல்லலாம்.

வாங்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. முதல் பத்து நிமிடம் எதுவும் வாங்காமல் ஒரு சுற்று. அடுத்து கீரை, ஏனென்றால் அது தீர்ந்துவிடும். ஈரத் துண்டில் சுற்றித் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொரியல், கூட்டுக் காய்கள். பிறகு வெங்காயம், கிழங்கு. கனமான பூசணி, தேங்காய் வெளியே போகும் வழியில். தக்காளி கடைசி.

இனி எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்கு வருவோம். எல்லாக் காயையும் சொல்லப் போவதில்லை, ஏமாறுகிற காய்களை மட்டும் சொல்கிறேன்.

கத்தரிக்காயில் எல்லோரும் ஓட்டையைத் தேடுகிறார்கள். காய்த்துளைப்பான் புழு குட்டியாக இருக்கும்போதே தொப்பிக்குப் பக்கத்தில் துளைத்து உள்ளே போகும். அந்தத் துளை சின்னது, காய் வளர வளர மூடிக்கொள்ளும். வெளியே பெரிதாகத் தெரியும் ஓட்டை பெரும்பாலும் புழு வளர்ந்து வெளியேறிய வழி. அதனால் ஓட்டையுள்ள காயைத் தள்ளிவிட்டு 'நல்ல காய்' என்று பொறுக்குவதிலும் புழு இருக்கலாம். தொப்பியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அங்கே பழுப்புப் புள்ளியோ எச்சமோ இருந்தால் வேண்டாம். தொப்பி பச்சையாக, காம்பு உலராமல் இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும். அமுங்கியே கிடந்தால் பழசு, தோல் மங்கி மஞ்சள் ஓடியிருந்தால் விதை முற்றியது. கத்தரியை ஃபிரிஜ்ஜின் அதிகக் குளிரில் வைத்தால் தோலில் பள்ளம் விழுந்து உள்ளே கறுத்துப்போகும். இரண்டு நாளைக்குள் சமைப்பதென்றால் வெளியே நிழலில் வைப்பதே நல்லது.

வெண்டைக்காயின் நுனி ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்துக் காயின் நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு நகர்கிறவரைச் சந்தையில் யாருக்கும் பிடிக்காது. ஒடித்த காயை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஒரு விரல் நீளத்துக்குள் இருந்தால் போதும்.

முருங்கைக்காயை இரு கையாலும் லேசாக முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் சதை உண்டு. விறைத்து நின்றால் உள்ளே நார். பென்சில்போல் மெலிந்ததில் சதையே இராது. மாசிக்குப் பிறகு ஆனி வரை இது மலிவு. கார்த்திகை, மார்கழியில் விலை எங்கோ போய்விடும், அப்போது சாம்பாருக்கு முள்ளங்கியோ பரங்கியோ பாருங்கள்.

சுரை, பீர்க்கை, வெள்ளரி மூன்றிலும் எப்போதாவது கசப்புக் காய் வரும். சமைக்கும் முன் காம்புப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, கசக்கும் சுரைக்காயின் சாறு உடம்புக்கு உண்மையிலேயே ஆபத்து. சுரைக்காய் பிஞ்சா என்று பார்க்க, தோலில் பூனைமுடி போன்ற சுணை இருக்கிறதா என்று தடவுங்கள், நகம் இறங்க வேண்டும். பீர்க்கை அளவுக்குக் கனம் இல்லாமல் பஞ்சுபோல் இருந்தால் அது துவையலுக்கும் ஆகாது, தேய்த்துக் குளிக்கத்தான் ஆகும்.

வாழை டெல்டாவின் சொத்து, அதனால் கொஞ்சம் நின்று வாங்குங்கள். வாழைக்காய்க்கு மொந்தன் ரகம்தான். காம்பு வெட்டிய இடத்தில் பால் கசிந்த தடம் ஈரமாக இருந்தால் இன்றைய வெட்டு. வாழைத்தண்டு மணிக்கட்டு அளவுக்கு மேல் பருமன் வேண்டாம். வெட்டு முகம் வெள்ளையாக இருக்க வேண்டும், பழுப்பு நிறம் ஓடியிருந்தால் நேற்றையது. வெளிப்பட்டையை உரிக்காமல் வாங்கினால் வீட்டில் மூன்று நாள் தாங்கும். கடையிலேயே உரித்து நறுக்கித் தருவதை அன்றே சமைத்துவிட வேண்டும். நறுக்கும்போது நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. வாழைப்பூவுக்கு மடல் இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழத்தில் பூவன் ஒரு சீப்பு வாங்கினால் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் (அரைப்பழமாக) கேளுங்கள். பழுத்த பழத்தைக் கீரையோடு வைக்காதீர்கள், பழத்திலிருந்து வரும் வாயு கீரையை மஞ்சளாக்கும். தார் முழுக்க ஒரே மஞ்சளாக, காம்பு மட்டும் பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் எல்லா இடத்திலும் நின்றுவிடவில்லை.

சேனையும் பிடிகருணையும் புதிதாகத் தோண்டியதென்றால் அதிகம் அரிக்கும். அதற்குக் காரணம் கிழங்கிலுள்ள ஊசி போன்ற படிகங்கள். தோல் உலர்ந்து கொஞ்ச நாளான கிழங்காகக் கேட்டு வாங்குங்கள், புளித்தண்ணீரில் வேகவையுங்கள். கிழங்கில் மட்டும் பழசு நல்லது.

கீரைக்கட்டின் வெளியைப் பார்த்து வாங்குவது பெரிய தப்பு. நடுவில் விரலை விட்டு விரித்துப் பாருங்கள். சூடாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் தண்ணீர் அதிகம் தெளித்து வெகுநேரம் கட்டி வைத்தது, நாளைக்குத் தாங்காது. இலையில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். பூ, கதிர் வந்திருந்தால் முற்றியது. முளைக்கீரை வேரோடு பிடுங்கி வரும், அரைக்கீரை அறுத்து வரும். வேரோடு உள்ளது இன்னும் ஒரு நாள் கூடத் தாங்கும்.

தக்காளியில் ரசத்துக்கு நாட்டுத்தக்காளி அரைக்கிலோ, இரண்டு மூன்று நாளைக்குள் தீர்க்க. மீதி ஒரு கிலோ பெங்களூர்த் தக்காளி, அதிலும் பாதி செங்காயாக. வெற்றிலை போடுகிற வீடாக இருந்தால் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை கேளுங்கள். கவுளி என்ற கட்டுக் கணக்கில் விற்பார்கள், கால் கவுளி போதும். ஈரத்துணியில் சுற்றி வாழைச்சருகில் பொதிந்தால் நாலைந்து நாள் நிற்கும்.

பருவம் தெரியாமல் சீட்டு எழுதினால் மேலே சொன்னதெல்லாம் வீண். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது காய்கறிக்கும் சேர்த்துத்தான். ஆடியில் விதைத்த வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும், கத்தரி இன்னும் பின்னால். ஆகவே ஆடியில் உள்ளூர்க் காய் குறைவு, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை வரத்து. ஆடிக்காற்றில் வாழையிலை கிழிவதால் நல்ல நுனி இலைக்கு விலை கேட்பார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் மோசமான காலம். வடகிழக்குப் பருவமழையில் படுகைக் கொல்லைகளில் தண்ணீர் நிற்கும், கீரை அழுகும், வந்தாலும் சேறோடு வரும். அந்த இரண்டு மாதமும் சீட்டில் கீரைக்குப் பதில் பரங்கி, சேனை, உருளை, வத்தக்குழம்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தலைக் கோடையிலேயே வாங்கி வைக்கிற வீடுகள் இதற்காகத்தான் வைக்கின்றன. மார்கழி, தையில் அவரை, மொச்சை, சிறுகிழங்கு, மஞ்சள் கொத்து. பொங்கலுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் போகாதீர்கள்; சிறுகிழங்கும் பரங்கியும் ஒரு வாரம் முன்பே வாங்கினாலும் கெடாது. சம்பா அறுப்புக்குப் பிறகு வயலில் விளைந்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி வாக்கில் வரும். வருடத்துக்கான உளுந்தை அப்போது வாங்கி இரண்டு வெயில் காயவைத்து எடுத்து வைப்பது லாபம். சித்திரையில் வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும். அப்போது காய் சீக்கிரம் வாடும், ஏழு மணிக்கு மேல் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபேன் காற்றில் பழைய வேட்டியோ செய்தித்தாளோ விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். கழுவ வேண்டாம், சமைக்கப் போகும்போது, நறுக்குவதற்கு முன் கழுவினால் போதும். ஈரம் போன பிறகு கீரையின் வேரை வெட்டி, பழுத்த இலையைக் கிள்ளி, உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி ஃபிரிஜ்ஜின் அடித்தட்டில் வையுங்கள். வெண்டையைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றுங்கள், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கொழகொழத்துவிடும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி மூடிய டப்பாவில். கறிவேப்பிலையை உருவி, உலர்த்தி, துணிக்குள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் காற்றோட்டமான இருட்டில், தனித்தனியாக. தக்காளிச் செங்காய் வெளியே தட்டில், காம்புப் பக்கம் கீழாக. வெட்டிய பூசணியில் விதையையும் குடலையும் வழித்தெடுத்துவிட்டு வைத்தால் நாலு நாள் நிற்கும், வழிக்காமல் வைத்தால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

சமைக்கும் வரிசை: முதல் இரண்டு நாள் கீரை, வாழைப்பூ, வெண்டை, நாட்டுத்தக்காளி. மூன்று நான்காம் நாள் கத்தரி, புடலை, அவரை, கொத்தவரை, பீர்க்கை. ஐந்தாம் நாளிலிருந்து முட்டைக்கோஸ், கேரட், சுரை, பரங்கி, சேனை, உருளை. இந்த வரிசையைச் சீட்டின் பின்பக்கம் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சமைப்பவர் யாராக இருந்தாலும் எதை முதலில் எடுப்பது என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.